30 கிராமுக்குக் கீழே

‘உட்பொருள்களைப் படித்துவிட்டு வாங்குங்கள்’ என்பது சருமப் பராமரிப்பைப் பற்றிய பேச்சுகளில் வேதவாக்காகிவிட்டது. விடுதி அறைகளில் இரண்டு சீரம் குப்பிகளை அருகருகே வைத்து, நியாசினமைடு எதில் முன்னால் நிற்கிறது என்று ஒப்பிடும் மாணவர்களும், அதை அறிவியல் மனப்பான்மை என்று மெச்சும் ஆசிரியர்களும் ஒரு கேள்வியை மட்டும் எழுப்புவதில்லை. அந்தப் பட்டியல் எதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது?

விடை, 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள்கள் விதிகளில் இருக்கிறது. 1 விழுக்காட்டுக்கு மேல் கலந்துள்ளவற்றை எடை அல்லது கொள்ளளவின் இறங்கு வரிசையில் தர வேண்டும். 1 விழுக்காடும் அதற்குக் குறைவாகவும் உள்ளவற்றை எந்த வரிசையில் வேண்டுமானாலும் தரலாம். எதற்கும் அளவு குறிக்க வேண்டியதில்லை. ஆகவே பட்டியலின் பிற்பகுதி வரிசையே அன்று. விற்பனைப் பிரிவு தன் விருப்பப்படி அடுக்கும் கொலு. குங்குமப்பூவும் சந்தனமும் அங்கே மேல்படியில் ஏறி அமரத் தடையேதுமில்லை.

விவரமறிந்தோர் இதற்கொரு குறுக்குவழி கண்டிருக்கிறார்கள். ஃபினாக்ஸிஎத்தனால் என்னும் பதப்படுத்திக்கு 1 விழுக்காடே உச்சவரம்பு. ஆதலால் அதற்குப் பின்னால் வருபவை யாவும் அந்த அளவைத் தாண்டாதவை. கணக்கு சரிதான். ஆனால் ரெட்டினால் அதனினும் வெகு குறைந்த அளவிலேயே வினைபுரிவது. முகப்பூச்சுகளில் அது 0.3 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் வரம்பிட்டிருக்கிறது. பின்னால் நிற்பது பயனற்றதென்றோ, முன்னால் நிற்பது வலியதென்றோ முடிவுகட்ட அந்த வரிசை உதவாது. ‘நறுமணம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பதுங்கியிருப்பவை வேறு கதை. ஒவ்வாமை தரக்கூடிய 26 நறுமணப் பொருள்களைப் பெயர்சொல்லி அச்சிட வேண்டும் என்றிருந்த ஐரோப்பிய விதி, 2023இல் அந்த எண்ணிக்கையை 80க்கும் மேலே கொண்டுசென்றது.

இவையெல்லாம் பட்டியலைக் கையில் வைத்திருப்போரின் கவலைகள். அதே விதியின் வாலில் ஒரு விலக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. திரவமாயின் 60 மில்லிலிட்டருக்கும், திடப்பொருளோ பசைப்பொருளோ ஆயின் 30 கிராமுக்கும் குறைந்த பொதிகளில் உட்பொருள் பட்டியல் இடம்பெற வேண்டியதே இல்லை.

இந்த அளவுகளின் பொருளை இந்தியச் சந்தையை அறிந்தவர் எவரும் உணர்வர். பெட்டிக்கடையில் தொங்கும் பாக்கெட்டும், 15 கிராம், 25 கிராம் குழாய்களும் இந்த எல்லைக்குள் அடக்கம். (சிற்றளவுப் பாக்கெட் வணிகத்தின் தொடக்க வரலாற்றில் கடலூருக்குப் பெரும்பங்கு உண்டு, அந்தப் பெருமையைப் பேசும் மேலாண்மைப் பாடங்கள் இந்த விலக்கைப் பேசுவதில்லை.) விடுதி அறையில் ஒப்பிடப்படும் 30 மில்லிலிட்டர் சீரமும் இதே விலக்கின் கீழ் வருவதுதான் வேடிக்கை. அதில் பட்டியல் அச்சாகிறதென்றால் சட்டத்திற்கு அஞ்சியன்று. பட்டியலே அங்கு விற்பனைச் சரக்கு என்பதால். படிக்கத் தெரிந்தவனுக்கு அது விளம்பரம். மாதக் கூலியில் மிச்சம்பிடித்துச் சின்னக் குழாய் வாங்கும் பெண்ணுக்கு அந்த இடம் வெற்றிடமாக இருந்தாலும் குற்றமில்லை. இருக்க நேர்ந்தாலும் அது ஆங்கிலமும் லத்தீனும் கலந்த பட்டியல்.

சிறு பொதியில் இடமில்லை என்பது உற்பத்தியாளர் தரப்பின் வாதம். நடிகையின் முகத்துக்கு இடமிருக்கிறது. பத்து மாத்திரை கொண்ட அட்டையின் முதுகில் மருந்தின் பெயரும் மில்லிகிராம் அளவும் ஆண்டாண்டு காலமாக அச்சாகி வருகின்றன.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: நஞ்சைக் கலப்பவன் அதைப் பட்டியலில் எழுதப்போவதில்லையே? உண்மை. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில் 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையே சவ்வுச் சிறுநீரக நோயுடன் 22 பேர் வந்தனர். அவர்களுள் 15 பேருக்கு அந்நோயின் அரிய வகையான நெல்-1 வகை இருந்தது. அந்தப் பதினைவரில் 13 பேர் சிவப்பழகுக் க்ரீம் பூசியவர்கள். பூசுவதை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினர். மெலனின் உருவாவதைப் பாதரசம் தடுக்கிறது, தோல் வெளுக்கிறது, தோலின் வழியே உள்ளிறங்கிச் சிறுநீரகத்தில் தங்குகிறது. 2014இலேயே டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 32 சிவப்பழகுக் க்ரீம்களைச் சோதித்து 14இல் பாதரசம் கண்டது.

இந்தப் பதின்மூவரிடம் போய் ‘படித்துவிட்டு வாங்கியிருக்கலாமே’ என்பதற்கு என்ன பொருள்? எதைப் படித்து? சிறு பொதி மௌனம் காக்கச் சட்டம் இடம்கொடுக்கிறது. கள்ளப் பொதி பொய் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவே சிக்கிக்கொண்டவரின் அறியாமையைப் பழிப்பது, ஆய்வகமும் ஆய்வாளரும் வைத்திருக்கும் அரசைத் தப்பவிடும் தந்திரம். நுகர்வோர் விழிப்புணர்வு என்ற பெயரில் கல்விப்புலமும் அதற்குத் துணைபோகிறது. பாதரசத்தைக் கண்டறியும் அணு உறிஞ்சல் நிறமாலைமானிகள் பல்கலைக்கழகங்களில் இருக்கின்றன. அவற்றில் ஒரு மாதிரியை ஏற்றுவதற்கு மாணவர் எவரும் உட்பொருள் பட்டியலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

விலக்கை நீக்குவதும் கடினமன்று. விதியில் அது ஒரே ஒரு வாக்கியம். கூடவே, பொதியின் முகப்பில் எந்தப் பொருளின் பெயர் பெரிதாகப் பொறிக்கப்படுகிறதோ அதன் விழுக்காட்டையும் அங்கேயே அச்சிட வேண்டும் என ஒரு வரியைச் சேர்க்கலாம். குங்குமப்பூவின் படத்துக்குக் கீழே 0.01 என்று எழுத நேரும் நாளில், அந்தப் படம் எத்தனை பொதிகளில் மிஞ்சியிருக்கும் என்று பார்க்கலாம்.