எட்டாம் வகுப்பு தானே என்று இருந்துவிடாதீர்கள்!

இந்தச் சுவரிதழில் வழக்கமாகக் கவிதையும் விடுகதையும்தான் எழுதுவேன். இந்த முறை ஒரு கருத்தைச் சொல்ல வந்திருக்கிறேன். கோபமாக எழுதியதுபோல் தெரிந்தால் பெரியவர்கள் மன்னிக்கவும். கோபத்தில் பாதி என் மேலேயே எனக்கு உள்ளதுதான்.

இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமான இஸ்ரோ, பள்ளி மாணவர்களுக்காக 'யுவிகா' என்ற இளம் விஞ்ஞானி முகாமை 2019-ஆம் ஆண்டு தொடங்கியது. கோடை விடுமுறையில், மே மாதத்தில், ஏறக்குறைய இரண்டு வாரம் நடக்கும். திருவனந்தபுரம், ஸ்ரீஹரிகோட்டா, பெங்களூரு, ஹைதராபாத், அகமதாபாத் போன்ற இடங்களில் உள்ள இஸ்ரோ மையங்களில் தங்கிப் படிக்கலாம். விஞ்ஞானிகளிடம் நேரில் கேள்வி கேட்கலாம். மாதிரி ராக்கெட் செய்யலாம். குளிர்பான டப்பா அளவே உள்ள 'கேன்சாட்' என்ற குட்டிச் செயற்கைக்கோள் செய்து பார்க்கலாம். இதற்கெல்லாம் கட்டணம் என்று ஒரு பைசா கிடையாது. தங்குமிடம், சாப்பாடு, ரயில் கட்டணம் எல்லாம் அவர்கள் செலவு.

ஆனால் ஒரே ஒரு நிபந்தனை. ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போதுதான் விண்ணப்பிக்க முடியும். வாழ்க்கையில் ஒரு முறைதான்!

நான் 2025 மார்ச்சில் விண்ணப்பித்தேன். தேர்வாகவில்லை. இப்போது பத்தாம் வகுப்பு வந்துவிட்டேன். எனக்கு அந்தக் கதவு மூடியாகிவிட்டது. அதனால் இதை எனக்காக எழுதவில்லை. கீழ் வகுப்புகளில் இருக்கும் உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

விண்ணப்பம் போட நெட் சென்டருக்குப் போனபோதுதான் மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள் என்றே படித்தேன். அதை அப்படியே இங்கே தருகிறேன். மொத்தம் 100. அதில் எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 50. ஆன்லைன் வினாடி வினாவுக்கு 10. அறிவியல் கண்காட்சியில் கலந்துகொண்டதற்கு, பள்ளி அளவு என்றால் 2, மாவட்டம் என்றால் 5, மாநிலம் என்றால் 10. ஒலிம்பியாட் போன்ற போட்டிகளில் பரிசு பெற்றிருந்தால் 5 வரை. விளையாட்டில் பரிசு பெற்றிருந்தால் 5 வரை. சாரணர், என்.சி.சி., என்.எஸ்.எஸ். இவற்றில் ஒன்றில் இருந்தால் 5. ஊராட்சிப் பகுதியில் உள்ள கிராமப்புறப் பள்ளியில் படித்தால் 15.

கடைசி வரியைப் படித்ததும் எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. பட்டிக்காட்டுப் பள்ளிக்கூடம் என்று டவுனில் படிக்கிற என் மாமா பெண் கேலி செய்வாள். அந்தப் பட்டிக்காட்டுக்குத்தான் 15 மதிப்பெண்! வினாடி வினாவைவிட அதிகம். அது நாம் எதுவும் செய்யாமலே நம் கையில் இருக்கிறது.

மற்றதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டாம் வகுப்பில் நான் 78 சதவீதம். அதில் பாதி 39. கிராமப் பள்ளிக்கு 15. வினாடி வினாவில் முழுசாக 10 வாங்கியதாகவே வைத்துக்கொள்வோம். ஆக மொத்தம் 64. மீதி 36 எங்கே போனது?

11 எட்டாம் வகுப்பில் போனது. "எட்டாவது தானே, எப்படியும் பாஸ் போட்டுருவாங்க" என்று நானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! பத்தாவதுதான் முக்கியம், பன்னிரண்டாவதுதான் முக்கியம் என்று எல்லாரும் சொல்லிச் சொல்லி, எட்டாவதை நாம் ஒரு வகுப்பாகவே மதிப்பதில்லை. இங்கே பாதி மதிப்பெண் அதற்குத்தான்.

மீதி 25-க்கு என் கையில் ஒரு காகிதம்கூட இல்லை. ஏழாம் வகுப்பில் விளையாட்டு விழாவில் 200 மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தேன். பரிசாக டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். சான்றிதழ் இல்லை. எட்டாம் வகுப்பில் நானும் என் தோழியும் மணல், கூழாங்கல், கரி வைத்துத் தண்ணீர் வடிகட்டும் மாதிரி செய்து பள்ளிக் கண்காட்சியில் வைத்தோம். எல்லாரும் கை தட்டினார்கள். அதற்கும் சான்றிதழ் இல்லை. டிபன் பாக்ஸை ஸ்கேன் பண்ணி அனுப்ப முடியுமா என்று நெட் சென்டர் அண்ணாவிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாரணர் படை நம் பள்ளியில் இருக்கிறது. சனிக்கிழமை யார் வருவது என்று நான்தான் சேரவில்லை. அந்த 5-க்கு நானே பொறுப்பு.

இதிலிருந்து எனக்குப் புரிந்தது இதுதான். யுவிகா விண்ணப்பத்தை மார்ச் மாதம் போடுகிறோம். ஆனால் அதற்கான வேலை ஆறாம் ஏழாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. நமக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

என்னைவிட வருத்தமான கதை என் தோழியுடையது. தண்ணீர் வடிகட்டி யோசனையே அவளுடையதுதான். எட்டாம் வகுப்பில் 91 சதவீதம். அவள் விண்ணப்பிக்கவே இல்லை. அவள் அப்பா, "ரெண்டு வாரம் வெளியூர்ல பொண்ண எப்படிம்மா தனியா விடறது?" என்று சொல்லிவிட்டார். அதில் தப்பு இல்லை. எந்த அப்பாவும் அப்படித்தான் யோசிப்பார். ஆனால் அறிவிப்பிலேயே, மாணவருடன் பெற்றோரோ பாதுகாவலரோ ஒருவர் போய்வரவும் ரயில் கட்டணம் உண்டு என்று எழுதியிருந்தது. அந்த வரியை நாங்கள் இரண்டு பேரும் படித்தபோது கடைசித் தேதி முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. "முன்னாடியே தெரிஞ்சிருந்தா நானே கூட்டிட்டுப் போயிருப்பேனே" என்று அவள் அப்பா சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. ஒருத்தி தேர்வாகாமல் போவது வேறு. ஒரு வரி கண்ணில் படாததால் முயற்சியே செய்யாமல் போவது வேறு.

சில அண்ணன்மார்கள் கேட்கிறார்கள். "நாடு முழுக்கச் சில நூறு பேரைத்தான் எடுப்பாங்க. நமக்கா கிடைக்கப் போகுது? வீண் வேலை." கிடைப்பது கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். பட்டியலில் என் பெயர் இல்லாத அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. ஆனால் வீண் வேலை என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். வினாடி வினாவுக்காகப் படித்தபோதுதான், ராக்கெட்டை ஏன் கிழக்குக் கடற்கரையிலிருந்து விடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், கிழக்கு நோக்கிப் போகும் ராக்கெட்டுக்கு அந்த வேகம் இலவசமாகக் கிடைக்கிறது. கழன்று விழும் பாகங்களும் ஊர்மேல் விழாமல் கடலில் விழும். சரி, தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் எதற்கு இன்னொரு ஏவுதளம்? அதற்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டினார்கள். தெற்கு நோக்கி விடும்போது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து என்றால் இலங்கைக்கு மேல் போகாமல் வளைந்து போக வேண்டும், எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். குலசேகரன்பட்டினத்திலிருந்து நேராகத் தெற்கே போகலாம். இது எந்தப் பரீட்சைக்கும் வரவில்லை. ஆனாலும் எனக்குத் தெரியும்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரையும், செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜியும், விழுப்புரத்து வீரமுத்துவேலும் யுவிகாவுக்குப் போனவர்கள் அல்ல. அவர்கள் படித்த காலத்தில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. ஆகவே முகாம் கிடைக்காதவர்களுக்கு விஞ்ஞானம் முடிந்துவிடவில்லை. அதே சமயம், இதைச் சொல்லி முயற்சி செய்யாமல் இருப்பதும் சோம்பேறித்தனம்.

இனி என் கோரிக்கைகள். தலைமை ஆசிரியர் அவர்களும் ஆசிரியர்களும் பரிசீலிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, ஜனவரி மாதமே காலைப் பிரேயரில் இதைப் பற்றி அறிவிக்க வேண்டும். பெற்றோர் கூட்டத்திலும் தமிழில் விளக்கிச் சொல்ல வேண்டும். முக்கியமாகச் செலவு, பாதுகாப்பு பற்றி.

இரண்டு, அறிவியல் கண்காட்சி, விளையாட்டு விழா எதுவானாலும் பரிசோடு ஒரு சான்றிதழும் தர வேண்டும். பள்ளி முத்திரையுடன் ஒரு தாள் போதும். டிபன் பாக்ஸ்கூட வேண்டாம்.

மூன்று, விண்ணப்பிக்கும் நாட்களில் பள்ளி முடிந்து ஒரு மணி நேரம் ஹைடெக் லேபைத் திறந்து வைக்க வேண்டும். நெட் சென்டரில் எனக்கு ஆன செலவு எல்லார் வீட்டிலும் கொடுக்க முடியாது.

தம்பி தங்கைகளே, உங்களுக்கும் ஒன்று. எட்டாம் வகுப்பை எட்டாம் வகுப்பாகப் படியுங்கள். எந்தச் சான்றிதழ் கிடைத்தாலும் அம்மாவிடம் கொடுத்து அரிசி டின்னுக்கு மேலேயாவது பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். ஒன்பதாம் வகுப்பு வந்ததும் இஸ்ரோ அறிவிப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படியுங்கள்.

ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். மதிய இடைவேளையில் வேப்பமரத்தடிக்கு வாருங்கள். நானும் என் தோழியும் அங்கேதான் இருப்போம். எந்தக் கட்டத்தில் எதை நிரப்ப வேண்டும் என்று எங்களுக்கு மனப்பாடமாகத் தெரியும்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி