உடலின் காவற்படையும் இருவகைக் கிருமியும்



வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதி மக்கள் நாள்தோறும் காண்பது ஜவ்வாது மலை. அங்கிருந்து வெகுதொலைவில் இல்லாத வேலூருக்கு, 1986ஆம் ஆண்டு சென்னையிலிருந்து சில இரத்த மாதிரிகள் வந்தன. டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் அவற்றைத் திரட்டியவர் டாக்டர் செல்லப்பன் நிர்மலா. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. கிருமி தென்பட்டது. இந்தியாவில் அது அறியப்பட்டது அப்பொழுதுதான்.

அதே ஆண்டில், மேற்கு ஆப்பிரிக்க நோயாளிகளிடம் இக்கிருமியின் இரண்டாம் வகையும் கண்டறியப்பட்டது. இன்று நம் நாட்டில் இரண்டும் உண்டு; முதல் வகையே மிகுதி.

நம் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களே உடலின் காவற்படை. அவற்றுள் 'சி.டி.4' என்னும் உதவி அணுக்கள் ஏனைய அணுக்களைப் போருக்கு ஏவுகின்றன. கிருமி புகுந்த அணுக்களை அழிப்பவை கொல்லும் அணுக்கள். எச்.ஐ.வி. குறிவைப்பதோ ஏவுகின்ற தலைவனையே!

முதல் வகை விரைந்து பெருகும். உருவையும் மாற்றிக்கொண்டே இருக்கும். ஓயாது போரிடும் கொல்லும் அணுக்கள் நாளடைவில் சோர்ந்துவிடுகின்றன. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 500க்கு மேல் இருக்கவேண்டிய உதவி அணுக்கள் 200க்குக் கீழே இறங்கினால், அது எய்ட்ஸ் நிலை.

இரண்டாம் வகையில் இரத்தத்திலுள்ள கிருமியின் அளவு பெரும்பாலும் குறைவு. காவலணுக்கள் நெடுங்காலம் வலிமை குன்றாமல் அதனை அடக்கி வைக்கின்றன. ஆயினும் சிகிச்சையின்றி விட்டால் இதுவும் எய்ட்ஸில் முடியக்கூடும். மேலும், முதல் வகைக்குத் தரப்படும் நெவிரபின், எஃபாவிரென்ஸ் ஆகிய மருந்துகள் இதனிடம் பலிப்பதில்லை. ஆகவே, தொற்று உண்டா என்பதோடு எவ்வகைத் தொற்று என்பதையும் மருத்துவர் அறிவது இன்றியமையாதது.

சகோதரிகளே! கணவரைத் தவிர வேறெவரையும் அறியாத மனைவியர் பலரையும் இந்நோய் பற்றியிருக்கிறது. எனவே நோயாளியின் ஒழுக்கத்தை எடைபோடுவது அநீதி. வெட்கத்தால் சோதனையை ஒத்திப்போடும் ஒவ்வொரு நாளும் காவலணுக்களின் இழப்பே.

அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் சோதனை இலவசம். தொற்று உறுதியானால் கூட்டு மருந்துச் சிகிச்சையும் இலவசமே. ஒருவரது நோய் விவரத்தை இரகசியமாகக் காக்கவேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டுச் சட்டம். மருந்தைத் தவறாது உட்கொண்டால் கிருமி அடங்கும்; உதவி அணுக்கள் மீண்டும் பெருகும். கருவுற்ற தாய் உரிய காலத்தில் சிகிச்சை பெற்றால் பிறக்கும் குழந்தையையும் காக்கலாம்.

ஐயம் இருப்பின் இன்றே சோதித்துக்கொள்ளுங்கள். உங்கள் காவற்படைக்குத் தேவை, காலத்தே வந்து சேரும் துணை.