படகு போதும், இருட்டைக் காப்பாற்றுங்கள்

ஜமுனாமரத்தூரில் வந்து இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது, “போட்டிங் எந்தப் பக்கம்?” கோலப்பன் ஏரிக்கு வழி காட்டுவார்கள். ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, பெடலை மிதித்து, ஏரியை ஒரு வட்டம் வருவார்கள். அடுத்து பீமன் அருவி. தண்ணீர் விழுந்தால் குளியல், விழாவிட்டால் பாறைமேல் நின்று ஒரு செல்ஃபி. பொழுது சாய்வதற்குள் போளூர்ப் பக்கமோ ஆலங்காயம் பக்கமோ வண்டிகள் இறங்கிவிடும். கீழே போய்ச் சொல்வார்கள்: “ஜவ்வாது மலையில் ஒன்றும் பெரிதாக இல்லை. ஒரு பகல் போதும்.”

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் இந்த மலையின் வருங்காலத்தைத் திட்டமிடுகிறார்கள். படகு போதவில்லை, இன்னும் நாலு விடுங்கள். இரவில் செய்ய ஒன்றுமில்லை, விளக்கு போடுங்கள், பாட்டு வையுங்கள். அப்போதுதான் கூட்டம் வரும், மலை முன்னேறும். அதிகாரிகள் முதல் டீக்கடை பெஞ்சு வரை இதே பேச்சு. சுற்றுலா என்றால் பகலில் படகு, ராத்திரியில் வெளிச்சம் என்று மனதில் ஊறிப்போயிருக்கிறது. இந்த நம்பிக்கை தவறு, இந்த மலைக்கு நேரடியாகக் கேடு செய்வது என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

மலை என்றால் படகு என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் ஊட்டியில் ஏரி அமைத்தார். 1863இல் கொடைக்கானலில் ஏரி உருவாக்கிய லெவிஞ்ச், தூத்துக்குடியிலிருந்து படகையும் மேலே கொண்டுவந்தார். தங்கள் ஊரின் குளிரையும் ஏரியையும் தேடித் தவித்த வெள்ளைக்காரத் துரைமார்களின் ஆசை அது. அவர்கள் போய்ப் பல தலைமுறை ஆன பிறகும் ஏற்காடு, ஏலகிரி என்று எந்த மலைக்குப் போனாலும் அதே வரைபடத்தைத்தான் விரிக்கிறோம். அந்த வழியில் கடைசிவரை போன ஊட்டியும் கொடைக்கானலும் எங்கே வந்து நிற்கின்றன? 2024 மே மாதத்திலிருந்து, உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி, இ-பாஸ் இல்லாமல் வண்டி ஏற முடியாது. கூட்டம் வரவேண்டும் என்று வேண்டிய ஊர்கள் கூட்டம் வேண்டாம் என்று கதவைச் சாத்துகின்றன.

இப்போது இதோடு பாங்காக்கும் சேர்ந்துகொண்டது. 2023 நவம்பரில் தாய்லாந்து இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று சொன்னபின், முதுகுப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பும் பிள்ளைகள் நம் ஊர்களிலும் பெருகிவிட்டார்கள். பகலில் சாவ் பிரயா ஆற்றில் படகு, கரையோரக் கோயில்களைப் பார்ப்பது. இரவில் காவ் சான் சாலையின் இசையும் விளக்கும். போய் வரட்டும், சந்தோஷமாக இருக்கட்டும். அந்த ஆறு ஒரு பெருநகரத்தின் வாழ்வோடு கலந்த ஆறு. அந்த இரவு அந்த நகரத்தின் இரவு. என் சண்டை அவர்களோடு இல்லை. திரும்பி வந்து இந்த மலையைப் பார்த்து “இங்கே நைட்லைஃப் இல்லையே” என்கிறார்களே, அதோடுதான்.

இங்கே இரவு இருக்கிறது. அதைத் தேடித்தான் வானியலாளர் வைணு பாப்பு இந்த மலைக்கு வந்தார். தென்வானத்தையும் எட்டிப் பார்க்கக்கூடிய, ஊர் வெளிச்சம் தீண்டாத இடம் வேண்டும் என்று 1960களில் தேடி, வான் ஆய்வகத்துக்காக இந்த மலையில் சுமார் 725 மீட்டர் உயரத்திலுள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1972இல் வியாழனின் துணைக்கோளான கானிமீடு ஒரு விண்மீனை மறைத்தபோது அதைப் பதிவுசெய்த இடம் இது. 1977 மார்ச்சில் யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பதைக் காட்டிய பதிவுகளில் ஒன்று இங்கே எடுக்கப்பட்டது. 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டது; பாப்பு அதைப் பார்க்க உயிரோடு இல்லை, 1982இலேயே போய்விட்டார். 1988இல் இங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்கு கணிதமேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள். உலக விஞ்ஞானம் பேர் சொல்லும் மலை இது. இதன் வாசல் வழியாகப் போய்விட்டு “பார்க்க ஒன்றுமில்லை” என்கிறோம்.

தொலைநோக்கிகூட வேண்டாம். சித்திரை மாதத்தில், நிலா இல்லாத இரவில், ஒன்பது பத்து மணிவாக்கில் மேட்டு நிலத்துக் களம் ஒன்றில் பாயை விரித்துத் தெற்கே பார்த்து உட்காருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது, பயமாகக்கூட இருக்கும். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். அதற்குள் யாராவது ஒருவர் செல்போனைத் திறந்தால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. பழகியபின் அடிவானத்துக்குச் சற்று மேலே, நாலு விண்மீன்கள் சேர்ந்த தென்சிலுவை எழுந்து நிற்கும். அதற்கு இடப்பக்கம் சென்டாரஸின் இரண்டு பிரகாசமான விண்மீன்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை குரலைத் தாழ்த்திப் பேசத் தொடங்கும். யாரும் சொல்லாமலே தாழ்த்தும்.

இந்த இருட்டு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. கீழே வாணியம்பாடி, ஆம்பூர், திருப்பத்தூர் வளர வளர, அந்த ஊர்களின் வெளிச்சம் வானத்தில் வெளிறிய விளிம்பாகத் தெரிகிறது. வெளிச்சம் போட்ட இடத்திலேயே நின்றுவிடாது. மேல்நோக்கிப் போகிற ஒளி காற்றிலுள்ள தூசியிலும் ஈரத்திலும் சிதறி, பல கிலோமீட்டர் தாண்டிப் பரவும். நீலம் கலந்த வெள்ளை எல்.இ.டி. ஒளி மஞ்சளைவிட அதிகமாகச் சிதறும். கீழ்ஊர் வெளிச்சத்தையே தாங்கமுடியாத நிலையில், மலைமேலேயே ஃப்ளட்லைட்டும், ரிசார்ட்டில் கேம்ப்ஃபயரும், விடிய விடிய ஸ்பீக்கரும் வைத்தால் என்ன மிஞ்சும்? நகரத்தின் இரைச்சலை விட்டு ஓடிவந்தவனுக்கு அதே இரைச்சலை மலை உச்சியில் காசு வாங்கிக்கொண்டு கொடுப்பது அவனுக்கும் நியாயமில்லை, பக்கத்துக் குடிசையில் விடியுமுன் எழுந்து சாமைக் கொல்லைக்குப் போகவேண்டியவருக்கும் நியாயமில்லை.

எதிர்த்தரப்பில் கனமான வாதம் ஒன்று இருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்க எனக்கு உரிமையில்லை. மலையாளிப் பழங்குடி மக்களுக்கு வருமானம் வேண்டாமா என்கிறார்கள். வேண்டும், மிக அவசரமாக வேண்டும். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப்படை சுட்டுக்கொன்ற 20 பேரில் இந்த மலைக்காரர்களும் இருந்தார்கள். சாமையும் புளியும் தேனும் வயிற்றுக்குப் போதாமல், கூலிக்கு மரம் வெட்டப் போனவர்கள் என்ற பேரோடு பிணமாக வந்தார்கள். அந்த வீடுகளை நினைத்துத்தான் கேட்கிறேன்: படகுத்துறை எத்தனை பேருக்குச் சோறு போடும்? டிக்கெட் கொடுக்க ஒருவர், படகு தள்ள இரண்டு பேர். பகலில் வந்து பகலிலேயே இறங்குகிறவர், கீழே வாங்கிய பிரியாணிப் பொட்டலத்தோடு வருகிறார், காலிப் பொட்டலத்தை இங்கே போட்டுவிட்டுப் போகிறார். இரவு தங்குகிறவர்தான் ஒரு வீட்டில் சாப்பிடுவார், படுக்கைக்குக் கொடுப்பார், காலையில் தேனும் பலாவும் வாங்குவார், வாலியர் வீடு என்று மலைமக்கள் சொல்லும் கற்திட்டைகளைக் காட்ட ஒரு பையனைக் கூப்பிட்டுக்கொண்டு போவார். அவரைத் தங்கவைக்கக்கூடியது ஏரி இல்லை, வானம்.

இது கனவு என்பவர்கள் லடாக்கைப் பார்க்கட்டும். காவலூரை நடத்தும் அதே இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்கு ஹான்லேயிலும் ஆய்வகம் உண்டு. 2022 டிசம்பரில் அந்த வட்டாரத்தை இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். உள்ளூர் ஆட்களுக்கே தொலைநோக்கி கொடுத்து, வானத்தைக் காட்டப் பழக்கினார்கள். வீடுகளில் விருந்தினர் தங்குகிறார்கள். அங்கே 4,500 மீட்டர் உயரம், மூச்சு வாங்கும். அந்த வறண்ட, தெளிந்த வானத்தோடு நாம் போட்டியிட முடியாது. மழைக்காலத்தில் மேகம் மூடும். ஆனால் ஹான்லேயிலிருந்து தென்சிலுவையைப் பார்க்க முடியாது, அந்த ஊர் அவ்வளவு வடக்கே இருக்கிறது. நமக்கு இருப்பது அவர்களுக்கு இல்லை. கொல்லிமலையில் இருள்வானப் பூங்கா அமைக்கப்போவதாகத் தமிழ்நாடு அரசே அறிவித்திருக்கிறது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஜவ்வாது மலைக்கு ஏன் அந்த எண்ணம் வரவில்லை?

செலவு பெரிதில்லை. தெருவிளக்கை எடுக்கச் சொல்லவில்லை. பாம்பும் கரடியும் நடமாடும் ஊரில் பெண்கள் நடக்க வெளிச்சம் வேண்டும். விளக்குக்கு மேல்மூடி போட்டு, ஒளியைத் தரைக்குத் திருப்பி, வெள்ளைக்குப் பதில் மஞ்சள் பல்பு மாட்டினால் தெருவுக்கும் வெளிச்சம், வானத்துக்கும் இருட்டு. லா பால்மா தீவின் வானத்துக்காக ஸ்பேன் 1988இலேயே இதற்குச் சட்டம் போட்டது. புதிதாக வரும் விடுதிகளுக்கு அனுமதி கொடுக்கும்போதே இதை நிபந்தனையாக்கலாம். வழிகாட்டி வேலையும் தங்கும் வீடும் மலை மக்களுடையதாகவே இருக்க வேண்டும்; வெளியூர் முதலாளி வளைத்துப்போட்ட இடத்தில் அவர்களே காவலாளியாக நிற்கக் கூடாது. இருக்கிற படகுகள் ஓடட்டும். அடுத்த படகுக்கு ஒதுக்கும் பணத்தில், வரும் கோடை விழாவுக்குள் ஜமுனாமரத்தூர்ப் பிள்ளைகள் சிலர் கையில் தொலைநோக்கி கொடுத்து, விழாவில் ஓர் இரவு மேடை விளக்குகளை அணைத்துவிட்டு, வந்த கூட்டத்தை அவர்களிடம் ஒப்படையுங்கள்.