காருக்குப் பின்னால் ஒரு கண்

ஒக்கூரில் விசேஷம் வந்துவிட்டால் வெளியூர்க் கார்கள் வீதியை அடைத்து நிற்கும். அந்தக் கார்களுக்கு நடுவில்தான் பிள்ளைகளின் விளையாட்டும். எங்கள் காருக்குப் பின்கேமரா போட வேண்டும் என்றேன். "அதான் சென்சார் இருக்கே ஆச்சி, கேமரா எதுக்கு?" என்றார் டிரைவர் தம்பி.

நியாயமான கேள்விதான். 2019 ஜூலை முதல் நம் நாட்டில் புதுக் கார்களுக்குப் பின்சென்சார் கட்டாயம். ஆனால், தாழ்வாகவோ மெலிதாகவோ இருப்பது சில சமயம் அதற்குத் தப்பிவிடும். சத்தம் போட்டாலும், இருப்பது பூந்தொட்டியா, குழந்தையா என்று சொல்லாது. அமெரிக்காவில் 2002-ல், அப்பா பின்னால் எடுத்த வண்டியில் அடிபட்டு 2 வயதுப் பிள்ளை இறந்தது. அந்தப் பிள்ளையின் பெயரிலேயே 2008-ல் சட்டம் வந்தது. 2018 மே முதல் அங்கே புதுக் கார்களுக்குக் கேமரா கட்டாயம்.

சகோதரிகளே, வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். பொருத்திய பிறகு காருக்குப் பின்னால் ஒட்டினாற்போல் ஒரு குடத்தை வையுங்கள். அது திரையில் தெரிய வேண்டும். இருட்டிய பிறகும் ஒருமுறை பாருங்கள். தண்ணீரும் தூசியும் புகாத 'ஐ.பி. 67' ரகமா என்று கேளுங்கள். ரிவர்ஸ் கியர் போட்டதும் படம் தானே வர வேண்டும். இடம் வலம் மாறாமல், பக்கக் கண்ணாடியில் தெரிவது போலவே இருக்க வேண்டும். நம் செம்மண் புழுதிக்கு லென்ஸை அடிக்கடி மெல்லிய துணியால் துடைப்பதும் அவசியம்.

இத்தனையும் செய்தாலும் கேமரா காட்டத்தான் செய்யும், காக்காது. வண்டி நகருமுன் பிள்ளைகளைத் திண்ணையில் உட்கார வைத்து, தலையை எண்ணிவிடுங்கள். அதற்குச் செலவே கிடையாது!