விடியும்வரை பொறுத்திருந்த நெஞ்சுவலி

பத்திரிகைத் துறையில் எனக்கு மூத்தவர் அவர். செய்தி எழுதுவதன் அரிச்சுவடியை எனக்குக் கற்றுத் தந்தவர்களில் ஒருவர். ஓய்வுபெற்ற பின்னர், 68 வயதில், மகனுடன் வாழ்வதற்காகக் கிறீன் கார்ட் பெற்று ஐக்கிய அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். இரண்டாவது வருடத்தில் ஒருநாள் நள்ளிரவு தாண்டியதும் அவருக்கு நெஞ்சுவலி தொடங்கியது. வியர்த்துக் கொட்டியது. அடுத்த அறையில் உறங்கிய மகனை எழுப்பாமல் விடியும்வரை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஐந்து மணித்தியாலங்கள்.

"தம்பி, நெஞ்சு நோகேக்கை வருத்தத்தைவிட பில்லை நினைச்சுத்தான் எனக்குப் பயமாக் கிடந்தது" என்று பின்னர் தொலைபேசியில் சொன்னார்.

அவரது பயம் காரணமற்றதல்ல. 65 வயதை எட்டியவர்களுக்கான அரசாங்க மருத்துவக் காப்புறுதியான மெடிக்கெயார் அங்கு இருக்கிறது. 1965 ஜூலை 30 இல் ஜனாதிபதி லின்டன் ஜோன்சன் அதற்கான சட்டத்தில் கையெழுத்திட்டு, முதலாவது அட்டையை முன்னாள் ஜனாதிபதி ஹரி ட்ரூமனுக்கு வழங்கினார். ஆனால், என் நண்பரைப் போன்று முதுமையில் குடியேறுகின்றவர்கள் அதில் சேருவதற்கு ஐந்து வருடங்கள் தொடர்ச்சியாக அங்கு வசித்திருக்க வேண்டும். தனியார் காப்புறுதியின் மாதக் கட்டணம் மகனுக்குப் பாரமாகிவிடும் என்று அதையும் வேண்டாமென்று சொல்லியிருந்தார் மனிதர்.

மெடிக்கெயாரைப் பொறுத்தவரை அமெரிக்க வைத்தியர் ஒருவருக்கு மூன்று வழிகள் உண்டு. அரசாங்கம் நிர்ணயிக்கும் கட்டணத்தை முழுமையாக ஏற்று அதில் பங்கேற்கலாம். பங்கேற்காமலே மெடிக்கெயார் நோயாளிகளைப் பார்க்கலாம்; அப்போது ஐந்து சதவீதம் குறைக்கப்பட்ட கட்டணமே அடிப்படையாகக் கொள்ளப்படும், அதற்கு மேல் 15 சதவீதம்வரை நோயாளியிடம் அறவிடலாம். அல்லது இரண்டு வருடங்களுக்கு முற்றாக விலகி, நோயாளியுடன் தனிப்பட்ட ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். தோல் நோய் நிபுணருக்கும் மனநல வைத்தியருக்கும் இந்தத் தெரிவுகள் உண்மையானவை. அவசர சிகிச்சை வைத்தியருக்கோ இவை காகிதத்தில் மாத்திரமே. அவரை எவரும் நேரம் குறித்து வந்து சந்திப்பதில்லை. விலகிய வைத்தியர் கூட அவசர நிலையிலுள்ள மெடிக்கெயார் நோயாளியிடம் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்க முடியாது என்று விதியே சொல்கிறது. உயிருக்குப் போராடுபவனிடம் என்ன பேரம்?

இந்த மருத்துவத்துறையே அங்கு இளையது. வேறு வேலை பார்த்த வைத்தியர்கள் மாறிமாறி வந்துபோகும் இடங்களாகவே அவசரப் பிரிவுகள் நீண்டகாலம் இருந்தன. 1961 இல் வேர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியா நகரில் நான்கு வைத்தியர்கள் தங்கள் சொந்தத் தொழிலை விட்டு அவசரப் பிரிவை முழுநேரமாகப் பொறுப்பேற்றார்கள். தனிச் சிறப்புத்துறை என்ற அங்கீகாரம் 1979 இல்தான் கிடைத்தது.

பணமில்லாத நோயாளிகளை வேறு வைத்தியசாலைகளுக்குத் தள்ளிவிடும் வழக்கம் ஊழலாக வெடித்தபோது, 1986 இல் ரீகனின் ஆட்சியில் ஒரு சட்டம் வந்தது. மெடிக்கெயாரை ஏற்றுக்கொள்ளும் எந்த வைத்தியசாலையும் அவசரப் பிரிவுக்கு வருகின்ற எவரையும் பரிசோதித்து, அவசர நிலை இருந்தால் அதை நிலைப்படுத்தியாக வேண்டும். காப்புறுதி பற்றி விசாரிப்பதற்காக அதைத் தாமதிக்கக்கூடாது. மெடிக்கெயார் பணமின்றிப் பெரும்பாலான வைத்தியசாலைகள் நடக்கமாட்டா என்பதால் இந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்பவை மிகச் சில. என் நண்பரிடம் மெடிக்கெயார் அட்டை இல்லை. ஆனால், அவருக்குக் கதவைத் திறந்தது மெடிக்கெயார்தான்! அது அவருக்குத் தெரிந்திருந்தால் அந்த ஐந்து மணித்தியாலங்களை வீணாக்கியிருக்க மாட்டார்.

கடமையை விதித்த காங்கிரஸ், அதற்கென்று ஒரு டொலரையும் ஒதுக்கவில்லை. இதுவே என் குற்றச்சாட்டு. காப்புறுதியற்றவர் பணம் கொடுக்காவிட்டால் அந்த வைத்தியரின் உழைப்பு இலவசம். மெடிக்கெயார் நோயாளி என்றால், பரிசோதனையின் சிக்கலுக்கேற்ப ஐந்து படிகளில் கட்டணம். அதில் பொதுவாக 80 சதவீதத்தை அரசாங்கம் கொடுக்கும், மீதி நோயாளியுடையது. இந்தக் கட்டணங்களைக் கணிக்கும் அலகு ஒன்றின் விலை 2001 இல் 38 டொலர். 2025 இல் 32 டொலர். இடைப்பட்ட காலத்தில் பாணின் விலையாவது குறைந்ததா? எவரும் வராத பின்னிரவு மூன்று மணிக்கும் ஒருவர் விழித்திருக்க வேண்டியிருக்கிறதே, அந்த விழிப்புக்கு இந்தக் கட்டணப் பட்டியலில் இடமில்லை.

அமெரிக்க வைத்தியர்கள் ஏழைகளல்லர் என்பதை அறிவேன். அவசர வைத்தியர்களை வேலைக்கமர்த்தும் சில நிறுவனங்கள் தனியார் காப்புறுதி வலையமைப்புகளுக்கு வெளியே வேண்டுமென்றே நின்று, நோயாளிகளுக்கு எதிர்பாராத பில்களை அனுப்பிச் சம்பாதித்தன. அதைத் தடுக்கும் சட்டம் 2022 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தபோது நான் அவர்களுக்காகக் கண்ணீர் விடவில்லை. அத்தகைய நிறுவனங்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்றான என்விஷன், 2023 மே மாதம் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. ஆனால், நிறுவனம் வீழ்ந்தாலும் இரவு வேலைக்கு ஒரு வைத்தியர் வந்துதான் ஆகவேண்டும்.

எங்கள் நாட்டில் அரசாங்க நிபுணர் பகலில் இலவசமாகப் பார்த்து, மாலையில் 'சனல்' நிலையத்தில் உழைக்கிறார். அதில் குறைகள் ஏராளம். இருந்தாலும், அரசாங்க வைத்தியசாலையின் விபத்துப் பிரிவுக்குப் போனால் பில் வரும் என்று பயந்து எவரும் விடியும்வரை காத்திருப்பதில்லை.

நண்பரின் இருதயக் குழாயில் இருந்த அடைப்பை அன்று காலையே அகற்றினார்கள். முதலில் பார்த்த இளம் வைத்தியர் அவரிடம் கேட்ட ஒரே கேள்வி, வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதுதானாம். பதிலைக் கேட்டு அந்த வைத்தியரின் முகம் மாறியதை அவர் மறக்கவில்லை. இருதயத் தசையின் ஒரு பகுதி மீளாது என்று சொல்லிவிட்டார்கள். பின்னர் வைத்தியசாலையிலிருந்து ஒரு பில்லும் வைத்தியரின் பெயரில் வேறொரு பில்லும் வந்தன. காப்புறுதி இல்லாதவர் என்பதால் 2022 சட்டம் அவருக்கு உதவவில்லை. மகன் தவணை முறையில் கட்டிக்கொண்டிருக்கிறார்.

மெடிக்கெயாருக்கு விண்ணப்பிக்க அவருக்கு இன்னமும் மூன்று வருடங்களும் இரண்டு மாதங்களும் இருக்கின்றன. நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறாராம்.