கடலுக்கும் ஒரு கதவு

நாம் குடியிருக்கும் மோதி பாக் என்னும் பெயருக்கு முத்துத் தோட்டம் என்பது பொருள். பெயரில் முத்து இருக்கிறதே அன்றி, முத்து விளையும் கடலுக்கும் நமக்கும் நெடுந்தூரம். மெய்யான முத்துத் தோட்டம் நம் தாயகத்தின் தென்கோடியில், தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே, மன்னார் வளைகுடாவில் இருந்தது. பாண்டியரின் கொற்கைத் துறையை உலகறியச் செய்த கடல் அதுவே.

எல்.டி.சி. என்று நாம் வழங்கும் விடுப்புப் பயணச் சலுகையைக் கொண்டு ஊர் செல்லத் திட்டமிடும் குடும்பங்கள் நம்மிடையே பல. நெய்தல் நிலத்தைப் பாடப்புத்தகத்தில் மட்டுமே அறிந்த தில்லிக் குழந்தைகள், “இம்முறை கடலைக் காட்டுங்கள்” என்று கேட்பதும் இயல்பே. ஆகவே, கடலைக் காணச் செல்வோர் கருத்திற் கொள்ள வேண்டிய ஒன்றை இத்திங்கள் எடுத்துரைப்பது பொருத்தமாகும்.

இராமேசுவரம் சென்று திரும்பிய அன்பர் சிலர் ஒரு குறை கூறுவதுண்டு. “2,500 கிலோமீட்டருக்கு மேல் இரயிலில் பயணம் செய்து போகிறோம். பாம்பனருகே தீவுகள் கண்ணெதிரே தோன்றுகின்றன. ஆயினும், விரும்பியபடி படகேறிச் சென்று இறங்க முடிவதில்லை. வனத்துறையின் இசைவு வேண்டுமாம். கடலுக்குமா கதவு?” என்பர். கேட்க வேண்டிய கேள்விதான். இதற்கு விடை காண, நம்மைப் போலவே கடலை விரும்பிச் சென்றவர்களால் ஒரு கடலுக்கு நேர்ந்தது என்ன என்பதை முதலில் அறிதல் நன்று.

அன்பே சுமையான கதை

அமெரிக்க நாட்டைச் சார்ந்த ஹவாய்த் தீவுகளுள் ஓவாஹு என்பது ஒன்று. அங்கே ஹனவுமா விரிகுடா என்னும் அழகிய கடல் வளைவு உள்ளது. பண்டை எரிமலை வாயின் ஒரு பக்கச் சுவர் தகர்ந்து கடல் உட்புகுந்தமையால் உண்டான இடம் அது. ஆழமில்லாத நீரிலேயே பவளப் பாறைகளும் வண்ண மீன்களும் காட்சி தரும். 1967 ஆம் ஆண்டில் அதனைக் கடல்வாழ் உயிர்களின் காப்பிடமாக அறிவித்து, மீன் பிடிப்பதைத் தடுத்தார்கள். பிடிப்போர் விலகினர், பார்ப்போர் பெருகினர். 1980-களின் இறுதியில் ஆண்டொன்றுக்கு 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அச்சிறு வளைவில் வந்து குவிந்தார்கள்.

வந்தவர்களுள் எவரும் பகைவர் அல்லர். எல்லோரும் அவ்விடத்தை விரும்பி வந்தவர்களே. ஆனால் பவளம் என்பது கல் அன்று. சிற்றுயிர்கள் கூடிக் கட்டிய வீடு. அதன்மேல் ஒரு கால் பட்டாலும் நெடுநாள் வளர்ச்சி நொறுங்கிவிடும். இலட்சக்கணக்கான கால்கள் பட்டால் என்னாகும்? மணல் கலங்கிப் பவளத்தின்மேல் படிந்தது. உடலிற் பூசிய வெயில் தடுப்புக் களிம்புகள் நீரில் கலந்தன. மீன்களுக்கு மக்கள் தம் தின்பண்டங்களை ஊட்டினார்கள். அளவுக்கு மிஞ்சினால் அமுதும் நஞ்சு என்னும் பழமொழி, அன்புக்கும் பொருந்துவதை அங்கே கண்டார்கள்.

பின்னர்க் கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாக வந்தன. 1990 முதல் வருவோர் தொகை குறைக்கப்பட்டது. மீனுக்கு உணவிடுதல் விலக்கப்பட்டது. கடற்கரைக்கு இறங்குமுன் அனைவரும் ஒரு சிறு விளக்கப் படத்தைக் காண வேண்டும் என்பது 2002 முதல் விதியாயிற்று. இப்பொழுது வாரத்தில் இரு நாட்கள் விரிகுடாவுக்கு ஓய்வு. வெளியூரார் முன்கூட்டியே பதிவு செய்துகொண்டே செல்ல வேண்டும். 2020 ஆம் ஆண்டில் பெருந்தொற்றின் காரணமாகப் பல திங்கள் அதனை மூடியபோது, நீர் தெளிந்ததையும், ஆழத்தில் ஒதுங்கியிருந்த மீன்கள் கரையருகே வரத் தொடங்கியதையும் ஆய்வாளர்கள் கண்டார்கள். தாய்லாந்து நாட்டின் மாயா விரிகுடாவும் இவ்வாறே 2018 ஆம் ஆண்டில் மூடப்பெற்று, 2022 தொடக்கத்தில் கட்டுப்பாடுகளோடு திறக்கப்பெற்றது. மூடிய காலத்தில் கருமுனைத் துடுப்புச் சுறாக்கள் அங்குத் திரும்பின.

நம் நாட்டிலும் இம்முறை புதிதன்று. அந்தமானில் வண்டூர் அருகே 1983 ஆம் ஆண்டில் அமைந்த மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவில் ஜாலி பாய், ரெட் ஸ்கின் என இரு தீவுகள் உள்ளன. ஒன்று திறந்திருக்கும் பருவத்தில் மற்றொன்று மூடியிருக்கும். நெகிழிப் பைகளையும் புட்டிகளையும் அங்கே கொண்டு சென்று எறிந்துவிட்டு வர இயலாது. நம்முள் பலர் அங்குச் சென்று வந்திருப்பர். அவர்கள் இதனை அறிவர்.

தில்லியிலேயே ஒரு சான்று காட்டலாம். குடியரசுத் தலைவர் மாளிகையின் அமிர்த உத்தியானம் வசந்த காலத்தில் மக்களுக்குத் திறக்கப்படுகிறது. அப்பொழுதும் திங்கட்கிழமைகளில் மூடுகிறார்கள். முன்பதிவு செய்து, முறை வரும்போது சென்று, மலரைப் பறிக்காமல் திரும்புகிறோம். அதனை எவரும் குறையாகக் கொள்வதில்லை. மண்ணில் மலரும் பூவுக்கு நாம் தரும் மதிப்பை நீரில் மலரும் பவளத்துக்குத் தரலாகாதா?

முன்னோர் அறிந்த முறை

கதவடைத்துக் காத்தல் மேனாட்டாரிடமிருந்து நாம் கற்க வேண்டியதும் அன்று. மன்னார்க் கடலில் முத்துக்குளிப்பை நடத்தியோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். முத்துச்சிப்பிகள் வாழும் கடலடித் திட்டுகளைப் பார் என்று வழங்குவர். சலாபம் கூறுமுன் ஆட்களை மூழ்கச் செய்து, பாரிலிருந்து சில சிப்பிகளை எடுத்துவந்து சோதிப்பார்கள். சிப்பி முதிர்ந்திருந்தால் மட்டுமே சலாபம். இல்லையேல், அவ்வாண்டு கடலுக்கு ஓய்வு. இவ்வாறு சலாபம் இன்றியே பல ஆண்டுகள் கழிவதும் உண்டு. அவ்வளவு கட்டுப்பாட்டுக்குப் பின்னும் சிப்பிகள் குன்றின. 1961 ஆம் ஆண்டோடு தூத்துக்குடியில் முத்துச் சலாபம் நின்றது. காத்த செல்வமே குன்றிற்று என்றால், காவாத செல்வத்தின் நிலையைக் கூறவும் வேண்டுமோ?

காவாத செல்வம் பவளமே. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் எனப் பவளப் பாறைகளைப் பல்லாண்டுகளாக வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்து நின்ற அரண் போயிற்று; அரணுக்குள் இருந்த தீவுகள் கரையலாயின. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் எனக் கணக்கிட்டார்கள். அவற்றுள் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்னும் இரண்டும் நீருள் மூழ்கிவிட்டன. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவு முன்பு ஏறத்தாழ 16 ஹெக்டேர் பரப்புடையதாக இருந்தது. பின்னர் 2 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிற்று. எஞ்சியதைக் காக்கச் செயற்கைப் பாறை அமைப்புகளை அங்கே கடலுக்குள் இறக்க வேண்டியதாயிற்று.

இந்நிலையில்தான் 1986 ஆம் ஆண்டில் இத்தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றன. 1989 ஆம் ஆண்டில் 10,500 சதுர கிலோமீட்டர்ப் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 2001 ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. நூற்றுக்கு மேற்பட்ட பவள இனங்களும், கடற்புல்லை மேய்ந்து வாழும் ஆவுளியா என்னும் கடற்பசுவும், கடலாமைகளும் அங்கே வாழ்கின்றன. பாம்பனருகே நம் அன்பர்களைத் தடுத்தது இவற்றைக் காக்கும் கதவே.

கதவுக்கு விலை கொடுத்தவர்

இனி, அக்கதவு அடைபட்டதால் இழந்தவர் யார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நாம் இழந்தது ஒரு பிற்பகலின் இன்பம். வேறு சிலர் இழந்தது அன்றாடக் கஞ்சி.

இராமநாதபுரம் கடற்கரைச் சிற்றூர்களில் கடற்பாசி சேகரித்து வாழும் மகளிர் பல்லாயிரவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, நீருள் மூழ்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறிப்பார்கள். அகர் என்னும் பொருள் அதிலிருந்து எடுக்கப்படுகிறது. தாயும் பாட்டியும் சென்ற தீவுகளுக்குத்தான் இவர்களும் சென்றார்கள். பூங்காவின் சட்டம் கடுமையாக நடைமுறைக்கு வந்தபோது, வழிவழியாகச் சென்ற இடத்துக்குச் செல்வதே குற்றமாயிற்று. பாறையை வெட்டி விற்றவர்கள் வேறு. பாசி பறித்தவர்கள் வேறு. ஆயினும் கதவு இருவருக்கும் ஒன்றாகவே அடைபட்டது. இதில் அம்மகளிர் அடைந்த துயரம் சிறிதன்று. அவர்களுடைய முறையீடும் இன்றளவும் முற்றத் தீர்ந்துவிடவில்லை.

அவர்கள் செய்த ஒரு செயல் நம் நெஞ்சில் நிற்க வேண்டும். தம் உரிமைக்காகக் குரல் கொடுத்ததோடு அமையாமல், தாமே தமக்கு வரம்பு கட்டிக்கொண்டார்கள். மாதத்தில் குறிப்பிட்ட சில நாட்களே கடலில் இறங்குவது என்றும், சுரண்டும் கருவிகளைக் கைவிட்டுக் கையால் மட்டுமே பறிப்பது என்றும் கூடி முடிவு செய்தார்கள். அம்மகளிர் கூட்டமைப்பின் தலைவியான சின்னப்பாலம் லட்சுமி அவர்களுக்கு 2015 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு தன் பரிசை வழங்கிற்று. பள்ளிப் படிப்பை முடிக்க வாய்ப்பில்லாத ஒரு மீனவப் பெண்மணியை உலகம் அழைத்துச் சிறப்பித்தது, அவர் கடலிலிருந்து எடுத்ததற்காக அன்று, எடுக்காமல் விட்டதற்காக.

விசைப்படகு மீனவரும் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், மீன்கள் இனம் பெருக்கும் பொருட்டுக் கிழக்குக் கடலில் தொழிலை நிறுத்துகிறார்கள். கடலையே நம்பி வாழ்வோர் இத்துணை விட்டுக்கொடுக்கும்போது, நான்கு நாள் விருந்தினராகச் செல்லும் நாம் ஒரு தீவைத் தொலைவில் நின்று காண்பதை இழப்பெனக் கூறுதல் தகுமா?

கதவு அடைத்தமையால் மட்டும் பவளம் பிழைத்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. கடல் நீர் வெம்மையுற்றால் பவளம் வெளிறி மடியும். 2010, 2016 ஆம் ஆண்டுகளில் மன்னாரில் அவ்வாறு பெருமளவு நேர்ந்தது. வெம்மையைத் தடுக்கும் கதவை இன்னும் எவரும் கட்டவில்லை. ஆனால் நோயுற்றவன்மேல் மேலும் ஒரு சுமையை ஏற்றாதிருப்பது நம் கையில் இருக்கிறது.

செல்வோர் கடைப்பிடிக்க வேண்டியவை

இராமேசுவரம் பக்கம் செல்லும் குடும்பத்தினர் சிலவற்றை நினைவிற் கொள்ளலாம். வனத்துறை அனுமதிக்கும் இடங்களுக்கு, அனுமதி பெற்ற படகிலேயே செல்லுங்கள். “கொஞ்சம் பணம் கொடுத்தால் தீவில் இறக்கிவிடுகிறேன்” என்று எவரேனும் அழைத்தால் மறுத்துவிடுங்கள். தொண்டிப் பக்கம் காரங்காட்டில் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து நடத்தும் படகுப் பயணம் உண்டு. அலையாத்திக் காட்டையும் பறவைகளையும் குழந்தைகள் அங்கே கண்டு மகிழலாம். அங்குக் கொடுக்கும் கட்டணம் கரையில் வாழ்வோருக்கும் பயன்படுகிறது.

கடைத்தெருவில் பவளக்கல், கடல் விசிறி, கடற்குதிரை ஆகியவற்றை எவரேனும் காட்டினால் வாங்காதீர்கள். அவை வனவுயிர்ச் சட்டத்தின் காப்புப் பெற்றவை. தில்லி வீட்டின் கண்ணாடி அலமாரியில் வைக்கும் ஒரு துண்டுப் பவளத்துக்காக, அங்கே ஒரு பாறை உடைகிறது.

அக்கினி தீர்த்தத்தில் நீராடுவோர் உடுத்திய துணியைக் கடலிலேயே விட்டுவரும் வழக்கம் பரவியிருக்கிறது. நீராடுவதால் உண்டாகும் புண்ணியத்தைக் கடலுக்குக் கேடு செய்யாமலே பெறலாம். துணியைக் கரைக்குக் கொண்டுவந்து அதற்குரிய இடத்தில் சேர்த்துவிடுங்கள். வீட்டு முதியோருக்கு இதனைப் பணிவோடு எடுத்துரைத்தால் அவர்கள் மறுக்கமாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, “ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்?” என்று குழந்தை கேட்கும்போது, அதிகாரிகளைக் குறை கூறி விடையைத் தட்டிக் கழிக்காதீர்கள். தண்ணீருக்கடியில் ஒரு வீடு இருக்கிறது. அதன்மேல் நாம் நடக்கலாகாது. அதற்காகக் கரையிலுள்ள ஒரு பாட்டி தன் வருவாயில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்திருக்கிறாள் என்று கூறுங்கள். குழந்தை அதனை நன்கு புரிந்துகொள்ளும். பாம்பன் பாலத்தின்மேல் இரயில் செல்லும்போது இருபுறமும் பரந்த கடலைக் கண்ணாரக் காணுங்கள். காண்பதற்கு எந்தத் தடையும் இல்லை. நம் பேரர்களும் அதே கடலை அதே வண்ணத்தோடு காண வேண்டுமானால், கதவருகே சற்று நிற்கும் பொறுமையை நாம் பெற வேண்டும்.