கொலஸ்ட்ரால் மாத்திரை, எலும்பு ஊசி... புற்றுநோய் செல்லைப் பட்டினி போடுமா? ஆய்வுகள் சொல்வது என்ன?

கொலஸ்ட்ராலுக்கு அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின். எலும்புத் தேய்மானத்துக்கு அலண்ட்ரோனேட் மாத்திரை அல்லது சோலெட்ரானிக் ஆசிட் ஊசி. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதில் ஏதாவது ஒரு பெயர் காதில் விழுந்திருக்கும். இந்த மருந்துகள் புற்றுநோயையும் தடுக்குமா என்ற கேள்வி ஆராய்ச்சியாளர்களிடம் பல வருடமாகவே இருக்கிறது.

இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

நம் செல்களுக்குள் 'மெவலோனேட் பாதை' என்ற ரசாயனத் தொடர் இருக்கிறது. வீட்டுக்குத் தண்ணீர் வரும் மெயின் பைப் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பாதையில்தான் கொலஸ்ட்ரால் தயாராகிறது. ராஸ், ரோ போன்ற புரதங்கள் செல்லின் சவ்வில் ஒட்டிக்கொள்ளத் தேவையான கொழுப்பு 'வால்'களும் இதிலிருந்தே வருகின்றன. செல் வளரவும் நகரவும் உத்தரவு கொடுப்பவை இந்தப் புரதங்கள்.

பைப்பின் தொடக்கத்தில் உள்ள வால்வை மூடுவது ஸ்டாட்டின். கொஞ்சம் தள்ளி இன்னொரு வால்வை மூடுவது சோலெட்ரானிக் ஆசிட், அலண்ட்ரோனேட் போன்ற மருந்துகள். வேகமாகப் பெருகும் புற்றுநோய் செல்லுக்கு இந்தச் சப்ளை அதிகம் தேவை. அதை நிறுத்தினால் செல் தடுமாறும். ஆய்வகத்தில் இது பலமுறை பார்க்கப்பட்ட விஷயம்.

அப்போ மனிதர்களிடம்?

இங்கேதான் சிக்கல். ஸ்டாட்டின் பெரும்பாலும் கல்லீரலிலேயே தங்கிவிடுகிறது. ஆய்வகத் தட்டில் கொடுக்கும் அளவு, கட்டி வரைக்கும் போய்ச் சேர்வதில்லை. போதாக்குறைக்கு, வால்வு மூடியதும் பல புற்றுநோய் செல்கள் அதே நொதியை இன்னும் அதிகமாகத் தயாரித்துச் சமாளித்துவிடுகின்றன.

பிரிட்டனில் சிறுசெல் நுரையீரல் புற்றுநோய் உள்ள 846 பேரிடம் கீமோதெரபியுடன் பிரவாஸ்டாட்டின் சோதிக்கப்பட்டது. 2017-ல் முடிவு வந்தது: ஆயுள் கூடவில்லை. ஸ்டாட்டின் எடுப்பவர்களுக்குப் புற்றுநோய் மரணம் குறைவு என்று சொல்லும் கணக்கெடுப்புகளும் உண்டு. ஆனால் அவர்கள் ஒழுங்காக டாக்டரிடம் போகிறவர்கள் என்பதால், அதை மாத்திரையின் பலன் என்று சொல்லிவிட முடியாது.

எலும்பு மருந்தில் பலன் உண்டா?

உண்டு, ஆனால் எல்லோருக்கும் இல்லை. 26 சோதனைகளில் பங்கேற்ற 18,766 மார்பகப் புற்றுநோய் நோயாளிகளின் தரவு 2015-ல் 'தி லான்செட்' இதழில் வெளியானது. மாதவிடாய் நின்ற பெண்களில், எலும்புக்கு நோய் பரவுவது சுமார் 28 சதவீதமும், மார்பகப் புற்றுநோயால் ஏற்படும் மரணம் 18 சதவீதமும் குறைந்திருந்தது. எளிதாகச் சொன்னால், 10 வருடத்தில் 100 பேரில் சுமார் 3 பேர் கூடுதலாகக் காப்பாற்றப்படுகிறார்கள். மாதவிடாய் நிற்காதவர்களிடம் தெளிவான பலன் தெரியவில்லை.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: மெவலோனேட் பாதையைத் தொடாத குளோட்ரோனேட் என்ற மருந்தும் இதே மாதிரி உதவியது. அதனால் செல்லைப் பட்டினி போடுவது மட்டுமே காரணமாக இருக்க முடியாது. எலும்பு அரிப்பைத் தடுத்து, புற்றுநோய் செல் அங்கே குடியேற விடாமல் செய்வதே முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது.

பல் டாக்டரை ஏன் பார்க்கணும்?

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ள வேலப்பன்சாவடியில் மருத்துவக் கல்லூரி, பல் மருத்துவக் கல்லூரி இரண்டுமே இருக்கின்றன. இந்த ஊசியைப் பொறுத்தவரை இரண்டு துறையும் சேர்ந்து வேலை செய்தாக வேண்டும். எலும்பு மருந்து எடுப்பவர்களில் சிலருக்குப் பல் பிடுங்கிய இடம் ஆறாமல், தாடை எலும்பு அழுகிப்போகும் ஆபத்து இருப்பது 2003-லேயே கண்டறியப்பட்டது. அதிக அளவில், அடிக்கடி ஊசி போடும் புற்றுநோய் நோயாளிகளுக்கே ஆபத்து கூடுதல்.

என்ன செய்யலாம்?

• இதயத்துக்காக டாக்டர் கொடுத்த ஸ்டாட்டினை நிறுத்த வேண்டாம். புற்றுநோய்க்காக நீங்களாகவே தொடங்கவும் வேண்டாம்.

• மாதவிடாய் நின்ற பிறகு மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்கள், "எனக்கு எலும்பு ஊசி தேவைப்படுமா?" என்று புற்றுநோய் டாக்டரிடம் கேட்கலாம்.

• ஊசிக்கு முன் சொத்தைப் பல், ஈறு பிரச்சினையைச் சரிசெய்துகொள்ளுங்கள். சிறுநீரகம், கால்சியம் பரிசோதனையும் அவசியம்.

• ஏற்கெனவே ஊசி போட்டிருந்தால், பல் பிடுங்கும் முன் அதைப் பல் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மார்பகப் புற்றுநோயில் அட்டோர்வாஸ்டாட்டின் உதவுமா என்று டென்மார்க்கில் பெரிய சோதனை ஒன்று தொடங்கப்பட்டுள்ளது. இதுபோன்ற சோதனைகளில் பலன் உறுதியாகும் வரை, ஸ்டாட்டின் கொலஸ்ட்ராலுக்கான மருந்து மட்டுமே.